திகதி குறித்த விருந்தாளி

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்றே பொருள். சாப்பாடு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. வாசலில் புதிதாக வந்து நிற்பவர் விருந்தினர், அவ்வளவுதான். வடமொழியின் அதிதி என்ற சொல்லுக்கு மரபாகச் சொல்லப்படும் விளக்கம் இன்னும் சுவையானது. திதி இல்லாதவன், நாள் குறிக்காமல் வருபவன். எப்போது வருவான் என்று தெரியாது, எப்போது போவாய் என்று கேட்கவும் கூடாது. இந்த இரண்டு சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால், காலை எட்டு மணிக்குக் கப்பலால் இறங்கி மாலை ஐந்து மணிக்கு முன் திரும்ப ஏறிவிடவேண்டிய ஒருவரை என்னவென்று அழைப்பது? அவர் அந்தக் கரைக்கு யார்? அந்தக் கரை அவருக்கு எதைக் கொடுக்கக் கடமைப்பட்டது? அவர் அதற்கு எதைக் கொடுக்கவேண்டும்?

கேள்வி வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் எம்மவரிடையே உல்லாசக் கப்பற் பயணம் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ரொறன்ரோக்காரர் மயாமிக்குப் பறந்து அங்கிருந்து பகாமாஸ், மெக்சிக்கோவின் கொசுமெல் என்று போய்வருகிறார்கள். லண்டன், பாரிஸ்காரருக்கு மத்தியதரைக் கடல். அவுஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்குச் சிங்கப்பூர். அறுபதாம் பிறந்தநாள், இருபத்தைந்தாவது திருமண நாள் என்று ஏதாவது ஒரு சாட்டு. இதை நையாண்டி செய்து எழுதுவது இலகு. முப்பது வருடம் தொழிற்சாலையிலும் உணவகத்துச் சமையலறையிலும் நின்று கால் வீங்கியவர்கள் ஒரு வாரம் கடலில் போய் இருந்தால் யாருக்கு என்ன நட்டம்? எனக்கு நையாண்டியில் ஆர்வமில்லை. கரையில் இறங்கும் அந்த ஒரு நாளில்தான் ஆர்வம்.

2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஸ்காபரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை தொலைபேசி எடுத்தாள். முதல் தடவையாகக் கப்பலில் போகிறார்கள். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெற் என்று போய், யாங்கோனில் கப்பல் தங்கும். பினாங்கைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை, அங்கே சொந்தக்காரர் இருக்கிறார்கள். யாங்கோன்தான் பயம்.

"அண்ணை, நாங்கள் சுத்திப் பாத்திட்டு வரேக்கை கப்பல் வெளிக்கிட்டிட்டுதெண்டால் என்ன செய்யிறது? பாஸ்போட்டையும் கப்பல்காரர்தான் வைச்சிருப்பினமாம். கையிலை ஒரு துண்டு மட்டும்தான் தருவினமாம்."

அவள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். தண்ணீர் குடிக்கலாமா, ரக்சிக்காரர் ஏமாற்றுவார்களா, டொலர் வாங்குவார்களா, மடிந்த நோட்டை வாங்கமாட்டார்களாமே, கோயிலுக்குள் காலுறையும் கழற்றவேண்டுமாமே. எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் ஒவ்வொன்றும் கடைசியில் முதற்கேள்விக்கே திரும்பி வந்தது. விட்டிட்டுப் போயிட்டால்?

அவளுடைய பயத்தில் உண்மையும் இருந்தது. யாங்கோன், பட்டினத்து நடுவில் கப்பல் வந்து ஒட்டும் துறைமுகம் அல்ல. சிறிய கப்பல்கள் நகரத்து வாசல் வரை வரும். பெரியவை ஆற்றின் கீழே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தள்ளித் திலாவா என்ற துறையில் நிற்கும். ஆற்றின் வாயில் மணற்திட்டு. கடல் நீரேற்றம் பார்த்துத்தான் உள்ளே வரலாம், வெளியே போகலாம். ஆகவே கப்பல் காத்திராததற்குக் கம்பனியின் கண்டிப்பு மட்டும் காரணமல்ல, தண்ணீரும் காத்திராது. திலாவாவிலிருந்து நகரத்துக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம், நெரிசல் என்றால் அதற்கும் மேல். போதாக்குறைக்கு மணிக்கூடு. மியன்மாரின் நேரம் சிங்கப்பூருக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தால், கரையில் கைத்தொலைபேசி நாலு மணி காட்டும்போது கப்பலில் ஐந்தரை.

(இரண்டு மணிக்கூடுகளோடு வாழ்வது எமக்குப் புதிதல்ல. 1996 மே மாதத்தில் இலங்கை அரசு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. 2006வரை சோதனைச் சாவடி கடந்தால் நேரமும் மாறும். அந்த 1996இன் ஐந்து மாதங்களும் கொழும்பும் ரங்கூனும் ஒரே நேரத்தில் இருந்தன.)

இந்தப் பயத்துக்குக் கப்பல் கம்பனியிடம் ஒரு மருந்து இருக்கிறது. அவர்களுடைய சொந்தச் சுற்றுலாவை வாங்கினால், பஸ் பிந்தினாலும் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே அனுப்பிவைப்பார்கள். நீங்களாகப் போய்ப் பிந்தினால் உங்கள் பாடு. விலையோ தனியே போவதைவிடப் பன்மடங்கு. விற்கப்படுவது பகோடா அல்ல, பயமின்மை என்று எனக்குப் படுகிறது. அதை வாங்கியவர் கப்பலை விட்டு இறங்குவதே இல்லை. குளிரூட்டிய பஸ் கப்பலின் ஒரு துண்டு. அது போகுமிடமெல்லாம் கப்பல்தான்.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. காரணம், அவளுடைய பயம் வெறும் சுற்றுலாப் பயணியின் பயம் அல்ல என்பது எனக்குத் தெரியும். 1989இல் அவள் கனடாவுக்கு வந்த வழியில் ஓர் ஆபிரிக்க நகரத்து அறையில் பதினொரு நாள் இருந்தாள். ஏஜென்ற் பாஸ்போட்டைக் கொண்டுபோனவன். நாளைக்கு வருவேன் என்று சொன்னவன். அவளுடைய பட்டியலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. பயணியின் பயமும் அகதியின் பயமும் ஒரே சொற்களால் ஆனவை: பாஸ்போட், துண்டு, நேரம், கப்பல், கரை. வித்தியாசம் ஒன்றே ஒன்று. பயணிக்குக் கப்பல் தன்னை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று பயம். அகதிக்குக் கரை தன்னை ஏற்காமல் விட்டுவிடுமோ என்று பயம். கனடியப் பாஸ்போட் எடுத்து இருபது வருடத்துக்குப் பிறகும் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

இம்மானுவேல் கான்ற் 1795இல் நிரந்தர சமாதானத்தைப் பற்றி எழுதிய சிறு நூலில் இந்தக் கரைக் கேள்வியை எடுத்திருக்கிறார். பூமி உருண்டை, மனிதர் முடிவில்லாமல் சிதறிப்போக இடமில்லை, ஆகவே எவரும் எந்தக் கரைக்கும் வந்து முகம் காட்டும் உரிமை உள்ளவர் என்பது அவர் வாதம். இதை வருகை உரிமை என்கிறார். தங்கும் உரிமை வேறு, அதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். வந்தவரைத் திருப்பி அனுப்பலாம், ஆனால் அதனால் அவர் அழிந்துபோவார் என்றால் அனுப்பக்கூடாது. விருந்தோம்பல் தயவு அல்ல, உரிமை என்று அவர் அழுத்திச் சொல்வது எமக்கு இனிப்பாக இருக்கும். 1914இல் கொமகட்டா மாரு கப்பலில் வந்த 376 பேரில் மிகச் சிலரைத் தவிர மற்றவர்களை இரண்டு மாதம் வான்கூவர்த் துறைமுகத்தில் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பிய கனடா, 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 150க்கும் மேற்பட்ட தமிழரைக் கரைசேர்த்தது. 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரையும் கரைக்கு எடுத்தது, ஆனால் நேரே சிறைக்கு அனுப்பியது. கான்றின் வாசகம் எங்கள் வழக்கறிஞர் எழுதியது போலவே இருக்கிறது.

ஆனால் அதே பக்கங்களில் அவர் மறுபுறத்தையும் சொல்கிறார். ஐரோப்பிய வணிக நாடுகளுக்கு வருகை என்றால் பிடித்துக்கொள்வது என்றுதான் பொருள், ஆகவே சீனாவும் யப்பானும் அவர்களைக் கரையில் அளவாகவே விட்டது புத்திசாலித்தனம் என்கிறார். உரிமை கேட்கும்போது நாம் முதற்பாதியை வாசிக்கிறோம். யாங்கோனுக்குப் போனால் இரண்டாம் பாதியையும் வாசிக்கவேண்டியிருக்கிறது.

திலாவாவிலிருந்து நகரத்துக்குப் போகும் பாதை தன்லின் ஊடாகப் போகிறது. பழைய பெயர் சிரியம். 1599 அளவில் பிலிப் டி பிரிட்டோ என்ற போர்த்துக்கேயர் அரக்கான் அரசனின் ஆளாக இங்கே வந்தார். கோட்டை கட்டினார், சுங்கம் வாங்கினார், பிறகு தானே அரசன் போல இருந்தார். சுவேதகோன் பகோடாவின் பெருமணியை 1608இல் பீரங்கி வார்க்க உருக்குவதற்காக ஏற்றிப் போகையில் அது ஆற்றில் மூழ்கிவிட்டதாகச் சொல்வார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. 1613இல் பர்மிய அரசன் கோட்டையைப் பிடித்து அவரைக் கழுவில் ஏற்றினான். ஆறு வருடம் கழித்து, 1619இல், இன்னொரு பிலிப், டி ஒலிவேரா, யாழ்ப்பாணத்தை முடித்துவைத்தார். சுற்றுலா பஸ்ஸில் இந்த இரண்டு பிலிப்புகளையும் யாரும் சேர்த்துச் சொல்லப்போவதில்லை. தன்லினைச் சுற்றியுள்ள கிராமங்களில் தமிழர் இருக்கிறார்கள், கோயில்கள் இருக்கின்றன. பஸ் அங்கே நிற்பதும் இல்லை.

நகரமும் வந்தவர்கள் வரைந்த நகரம். 1852இல் பிரித்தானியர் பிடித்தபின் சதுரம் சதுரமாகக் கோடுபோட்டுக் கட்டியது. அந்தக் கோடுகளுக்குள் மனிதரை நிரப்பியது நாங்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன்வாசிகளில் பாதிக்கு மேல் இந்தியர். 1920களில் சில வருடங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். துறைமுகக் கூலி பெரும்பாலும் தெலுங்கர், வயலிலும் ஆலையிலும் தமிழர், கணக்குப் பெட்டிக்குப் பின்னால் செட்டியார். 1930களின் விலை வீழ்ச்சியில் கடன்பட்ட பர்மிய உழவரின் நிலம் செட்டியார் கைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தின் கால்வாசி அவர்களுடையது. செட்டியார் நிலத்தைத் தேடிப் போகவில்லை, வட்டிதான் தேடினார், நிலம் வந்து விழுந்தது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மையும் உண்டு. நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் என்ன செய்யும் என்பது வேறு விடயம். 1930 மே மாதம் துறைமுகக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தபோது பர்மியரை வேலைக்கு எடுத்தார்கள். நிறுத்தம் முடிந்ததும் பர்மியரை வெளியே அனுப்பினார்கள். அந்தக் கோபத்தில் கூலித் தெலுங்கர்கள் தெருவில் கொல்லப்பட்டார்கள். முதலாளிகள் கொல்லப்படவில்லை.

1941 டிசம்பர் 23இல் யப்பானியக் குண்டு விழுந்தது. கப்பலில் இடம் வெள்ளையருக்கும் காசுள்ளவருக்கும் கிடைத்தது. மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நாலைந்து லட்சம் பேர் நடந்ததாகக் கணக்கு. வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. கப்பல் விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது என்ற என் தங்கையின் கேள்விக்கு ரங்கூன் ஒருமுறை கொடுத்த பதில் அது.

1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமை ஆயின. பெரிய நோட்டுகள் செல்லாது என்றானது. பிறந்து வளர்ந்த மண்ணை விட்டு, கொண்டுபோக அனுமதித்த சொற்பத்தோடு கப்பல் ஏறியவர்கள் சென்னையில் இறங்கினார்கள். துறைமுகத்துக்கு எதிரே 1969இல் பர்மா பஜார் வந்தது. பக்கத்துத் தெருக்களில் அத்தோவும் மொய்ங்காவும் இன்றும் விற்கிறார்கள். தமிழ்நாடு ஒத்துவராமல் திரும்பவும் பர்மாவுக்கே நடந்துபோகப் பார்த்தவர்களும் உண்டு. எல்லையில் மறிக்கப்பட்டு மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். இன்னமும் அங்கே ஒரு தமிழ் ஊர் இருக்கிறது. தாயகம் என்று காட்டப்பட்ட இடத்திலிருந்து அகதியாக வந்த இடத்துக்குத் தப்பி ஓட முயன்றவர்கள். எங்கள் தாயகக் கவிதைகளில் இவர்களுக்கு இடம் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே யாங்கோனில் இறங்கும் தமிழர் புதியவர் அல்ல, விருந்தும் அல்ல. அவர் முகத்தை அந்தத் தெருக்களுக்கு முன்பே தெரியும், கடன் கொடுத்தவராகவும், கூலியாகவும், துரத்தப்பட்டவராகவும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1996ஐ இராணுவ ஆட்சி மியன்மாருக்கு வருகைதரும் ஆண்டு என்று அறிவித்தது. சாலைகளையும் மண்டலே அரண்மனை அகழியையும் செப்பனிடக் கட்டாய உழைப்பு வாங்கப்பட்டது. வராதீர்கள் என்று ஆங் சான் சூ கி உலகைக் கேட்டுக்கொண்டார். பதினைந்து வருடம் போவதா விடுவதா என்பது மேற்கில் ஓர் ஒழுக்கக் கேள்வியாக இருந்தது. 2010இல் அவர் விடுதலையானபின் அந்தக் கட்சி நிலைப்பாட்டைத் தளர்த்தியது. மக்களோடு பழக வருபவர்கள் வரட்டும், கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போகும் சுற்றுலா வேண்டாம் என்ற மாதிரி. 2019 டிசம்பரில் அதே அம்மையார் ஹேக் நீதிமன்றத்தில் நின்று றோகிஞ்ஞா மக்களுக்கு நடந்தது இனப்படுகொலை அல்ல என்று வாதாடினார். 2021 பெப்ரவரி 1இல் இராணுவம் அவரையே பிடித்துக்கொண்டுபோனது. யாருடைய சொல்லைக் கேட்டு ஒரு நாட்டுக்குப் போகாமல் இருப்பது என்பதும் இலகுவான கேள்வி அல்லத்தான்.

இதில் எங்களுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்த வருடங்களில் ஹிக்கடுவவிலும் பெந்தோட்டையிலும் ஜேர்மன்காரரும் இங்கிலாந்துக்காரரும் வெயில் காய்ந்தார்கள். அவர்களுடைய காசு எந்தத் துப்பாக்கிக்குப் போகிறது என்று நாங்கள் துண்டுப்பிரசுரம் அடித்தோம். 2009க்குப் பிறகும் இலங்கையைப் புறக்கணிக்கச் சொல்லி லண்டன் தெருக்களில் நின்றோம். நின்றவர்களில் சிலர் அடுத்த ஓகஸ்ட்டில் நல்லூர்த் தேருக்குப் போனார்கள். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தாயைப் பார்க்கப் போவதற்கு அரசியல் அனுமதி கேட்கமுடியாது. ஆனால் ஹிக்கடுவ ஜேர்மன்காரரிடம் நாங்கள் எதிர்பார்த்த மனச்சாட்சியை யாங்கோனில் இறங்கும் எங்களிடமும் யாராவது எதிர்பார்க்கலாம் அல்லவா? போகாமல் இருந்திருக்கவேண்டும் என்பதல்ல என் கட்சி. அந்த ஜேர்மன்காரரில் ஒருவராவது பஸ்ஸிலிருந்து இறங்கி யாரிடமாவது கதைத்திருந்தால், கேட்டதை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் என்று நான் நினைத்ததுண்டு. அந்த நினைப்பை எனக்கே திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன்.

ஆகவே தங்கைக்கு நான் சொன்னது மிகச் சாதாரணமான விடயம். நகரத்துக்குள் கொண்டுபோய் விட்டுத் திரும்ப ஏற்றும் கப்பல் பஸ்ஸை மட்டும் வாங்கு, வழிகாட்டியோடு சுற்றுவதை வாங்காதே. மணிக்கூட்டைக் கப்பல் நேரத்திலேயே வைத்திரு. கடைசிப் பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் திரும்பு. நடுவில் சூலே பகோடாவிலிருந்து அனவ்ரதா வீதியால் மேற்கே நட. 1871இல் தமிழர் கட்டிய காளி கோயில் வரும். சுற்றுவட்டாரத்தில் சூலியா முஸ்லிம்களின் பள்ளிவாசலும் யூதர்களின் தொழுகை வீடும் இருக்கின்றன. பழைய மொகல் தெருப் பக்கம் தேத்தண்ணீர்க் கடை இருக்கும், இரு. அவ்வளவுதான்.

போய்வந்து அவள் சொன்னது முழுக்கக் கோயிலைப் பற்றித்தான். அங்கே ஒரு வயோதிபப் பெண் பர்மிய லோஞ்ஜி கட்டி, முகத்தில் தனக்கா பூசி, தமிழ் பேசினாராம். எந்த ஊர் என்று கேட்டார். கனடா என்றாள். "அது இருக்கட்டும்மா, சொந்த ஊரு?" என்றார். யாழ்ப்பாணம் என்றதும் அவருக்கு அது எங்கே என்று சரியாகப் பிடிபடவில்லை. அவருடைய தாத்தா புதுக்கோட்டைப் பக்கம், எந்தக் கிராமம் என்று இவருக்குத் தெரியாது. அறுபத்துநாலில் மற்றவர்கள் போனபோது இவர்கள் கப்பலுக்குப் பணமில்லாமல் நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டது: "எப்ப கப்பல்?"

அந்தக் கேள்வி அவளைச் சுட்டுவிட்டது. எனக்கு ஏன் என்று விளங்கியது. ஊருக்குப் போகும் எவரும் கேட்டிருக்கும் கேள்வி அது. ஒழுங்கையில் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் முதலில் எப்ப வந்தனீங்கள் என்பார்கள், மூச்சு விடமுன் எப்ப போறியள் என்பார்கள். கேட்பவர்களிடம் வன்மம் இல்லை. எங்கள் நெற்றியில் திகதி எழுதியிருப்பதை அவர்கள் வாசிக்கிறார்கள். மூன்று கிழமை, திரும்பும் ரிக்கற், போத்தல் தண்ணீர், நுளம்புக்குப் பூசும் மருந்து. எங்கள் வீட்டு முற்றத்தில் நாங்களே துறைமுகத்து ஒரு நாள் ஆட்கள். யாங்கோனில் செய்வது பிழையென்றால் இணுவிலில் செய்வதும் அதேதான். இணுவிலில் செய்வது மன்னிக்கக்கூடியது என்றால் யாங்கோனிலும் கொஞ்சம் மன்னிக்கலாம்.

அவசரத்துக்கும் ஓர் ஒழுக்கம் உண்டா என்று நான் யோசிப்பதுண்டு. நீண்டகாலம் தங்குவதுதான் உண்மையான பழக்கம், ஒரு நாள் என்பது வேடிக்கை பார்ப்பது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. நீண்டகாலம் தங்கியவர்கள் அந்த நகரத்துக்குச் செய்ததை மேலே சொன்னேன். ஒரு நாள் வந்தவர் அதிகம் எடுக்கமுடியாது. பிழை, தன் பயத்தை அந்த ஊரின் குணம் என்று எண்ணிக்கொள்வதில் தொடங்குகிறது. ரக்சிக்காரர் முகத்தில் திருடனைத் தேடுவது தன் பாஸ்போட் கையில் இல்லாததால் என்று தெரிந்திருந்தால் போதும். அந்த அறையில் பதினொரு நாள் இருந்தபோது அவளுக்குச் சோறு கொண்டுவந்து வைத்த பெண்ணின் பெயரை அவள் கேட்கவே இல்லையாம். பயத்தில் கேட்கத் தோன்றவில்லை என்று யாங்கோன் போய்வந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

2020இல் கொவிட், மறுவருடம் இராணுவப் புரட்சி. பெரிய உல்லாசக் கப்பல்கள் யாங்கோனைத் தங்கள் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டன. போவதா விடுவதா என்ற கேள்வியை எங்களுக்காக வேறு யாரோ தீர்த்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கரைப் பக்கத்திலிருந்து கடலில் வருவது நின்றுவிடவில்லை. 2022 டிசம்பரில் இயந்திரம் பழுதாகித் தத்தளித்த படகிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட றோகிஞ்ஞா மக்களை இலங்கைக் கடற்படை வடக்கே எடுத்துக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தது. 2024 டிசம்பர் 19இல் குழந்தைகளும் கர்ப்பிணிகளுமாக இன்னொரு படகு கரைசேர்ந்தது. சேர்ந்த இடம் முள்ளிவாய்க்கால்.

2009 மே மாதத்தில் கப்பல் வருமா என்று ஆட்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கரை. படகை முதலில் கண்டவர்கள் அங்கத்தைய மீனவர்கள். சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோனார்கள். பாஷை விளங்கவில்லை. பிறகு கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், பின்னர் முல்லைத்தீவில் விமானப்படை முகாம் ஒன்றில் வைத்தது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை கையெழுத்திட்டதில்லை, இந்தியாவும் இல்லை, மியன்மாரும் இல்லை. திருப்பி அனுப்புவது பற்றிப் பேச்சு வந்தபோது, 2025 ஜனவரியில், முல்லைத்தீவில் ஆட்கள் பதாகைகளோடு வீதிக்கு வந்து அனுப்பவேண்டாம் என்று கேட்டார்கள். வந்தவர்கள் எப்போது போவார்கள் என்று அங்கே யாரும் கேட்டதாக நான் வாசித்த செய்திகளில் இல்லை.